நீலக்கரைக் கட்டுத்துணி

முதலில் ஒரு வெட்கக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் அலுவலகத்தின் முதலுதவிப் பொறுப்பாளர் நான். என் மேசைக்கு மேலே பச்சை அட்டையில் வெள்ளைச் சிலுவையும் அதற்குக் கீழே என் சிரித்த படமும் தொங்குகின்றன. போன மாதம் மீள்பயிற்சி நடந்தது. பயிற்சி தர வந்தவர் ஒரு பிளாஸ்டிக் காலில் சிவப்பாக எதையோ பீச்சியடித்து, "தொடையில் ஆழமான வெட்டு. யார் வருகிறீர்கள்?" என்றார். எல்லாரும் அட்டையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து இரண்டடி வைத்தேன். அடுத்து நினைவிருப்பது கூரையில் இருந்த சதுரங்கள்தான். அவற்றில் பதினான்கை எண்ணிய பிறகுதான் நான் தரையில் கிடக்கிறேன் என்பது புரிந்தது. என் கால்கள் இரண்டும் ஒரு கதிரையின் மேலே இருந்தன. பிளாஸ்டிக் காலை ஒருவரும் கவனிக்கவில்லை. அது அன்று இரத்தம் போயே இறந்திருக்கும். 

அன்று மாலை அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அம்மா இருபத்திரண்டு வருடம் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்தவர். சிராய்ப்பு, கடி, உடைந்த பல், மூக்குக்குள் போன பட்டாணி எல்லாவற்றையும் நேருக்கு நேர் கண்டவர். தலை அடிபட்டதா என்று பதறுவார் என நினைத்தேன்.

"காலை உயத்தி வைச்சவங்களோ?"

"ஓம் அம்மா."

"காற்சட்டை தானே போட்டிருந்தனி?"

என்னைப் போல மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க அதைத் தேடும் வயதுக்கு வந்துவிட்டவர்களே, உங்களுக்கு இது புரியும். நமக்கு இந்த வயதில் மயக்கம் வந்தாலும் அம்மாமாருக்கு முதலில் மகளின் மானம், பிறகுதான் மண்டை. ஆனால் அன்று படுத்திருந்தபோது எனக்கு நினைவு வந்தது மானம் அல்ல, ஒரு துணி. வெள்ளைப் பருத்தி, நீலக் கரை, முக்கோண வடிவம். அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஊரைவிட்டுப் புலம்பெயர்ந்து வந்த புதிதில், நோபல் பார்க் புறநகரில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு. எனக்குப் பதினொரு வயது, தங்கச்சிக்கு ஆறு. அப்பா கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இரவு வேலை. அம்மா ஊரில் பாலர் வகுப்பு ஆசிரியையாக இருந்தவர். இங்கே வந்த நாளிலிருந்து குசினி மூலையில் இருந்த தையல் மெஷினில் பிறருடைய சட்டைகளுக்குக் கழுத்து வைத்துக்கொண்டிருந்தார். மூட்டையாக வரும் கழுத்துகள். உடம்பை நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை.

அப்போதுதான் இரண்டு தெரு தள்ளி, பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் உதவியாளர் வேலை ஒன்று வந்தது. காப்பகத் தலைவிக்கு அம்மாவைப் பிடித்துவிட்டது. முதலுதவிச் சான்றிதழ் மட்டும் கொண்டு வா, தை மாதம் முடியும்வரை இடத்தை வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தாள்.

அம்மா மார்கழியில் ஒரு தடவை சோதனைக்குப் போய்த் தோற்றுவிட்டார். எழுத்தில் அல்ல, செய்முறையில். சோதனை நடத்தியவர் ஓய்வுபெற்ற ஒரு பெரிய தாதி, உருவத்திலும் பெரியவர். சுடுதண்ணீர் பட்ட கைக்கு என்ன செய்வாய் என்று அவர் கேட்டார். மேசையில் கட்டுத்துணி, கத்தரிக்கோல், ஊசி, வாளியில் தண்ணீர் எல்லாம் இருந்தன. அம்மா அத்தனையையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, பற்பசை எங்கே என்று கேட்டிருக்கிறார்.

தாதி அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்திருக்கிறார். பிறகு பகிடி இல்லை என்று தெரிந்திருக்கிறது.

"பதினொரு வருஷம் பிள்ளையளுக்குப் படிப்பிச்சனான். ஒரு பிள்ளையையும் சிரிச்சுப்போட்டு ஃபெயில் ஆக்கினதில்லை" என்றார் அம்மா அன்று மாலை. இரவு முழுக்க மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை சூட்கேசைத் திறந்து ஒரு சீலையை எடுத்தார். வெள்ளைப் பருத்தி, நீலக் கரை. ஊரில் பள்ளிக்கூடத்துக்கு உடுத்துப் போனது. அதைத் தரையில் விரித்து, சதுரம் சதுரமாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்தையும் மூலைக்கு மூலை மடித்து மறுபடி வெட்டினார். பத்து முக்கோணங்கள் வந்தன. ஒவ்வொன்றின் ஒரு பக்கத்திலும் நீலக் கரை.

வேலையால் வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். "அதை ஏனப்பா வெட்டினனி?"

"இஞ்சை உதை உடுத்துக்கொண்டு எங்கை போறது?"

முக்கோணம் வடிவாக இருக்கிறது என்று மட்டும்தான் அன்று நான் நினைத்தேன். கத்தரி அந்தத் துணியில் ஓடிய சத்தத்தை இன்று நினைத்தால்தான் என்னவோ செய்கிறது.

இந்த நாட்டில் தை கோடை மாதம். அந்தத் தை மாதம், மறுசோதனைக்கான ஒத்திகையில், எங்கள் வீட்டில் ஒருவரும் முழுதாக இருக்கவில்லை. காலையில் தங்கச்சிக்குத் தலைக்காயம். மத்தியானம் எனக்கு முழங்கை. பின்னேரம் இரண்டு பேருக்கும் கணுக்கால். முதலுதவிப் புத்தகத்தை மாவுக் கையால் புரட்டிப் புரட்டி, "அமத்து, உயத்து, பொறு" என்று அம்மா மந்திரம் போலச் சொல்லிக்கொண்டு திரிவார். மூக்கால் இரத்தம் வந்தால் அண்ணாந்து பார்க்கக்கூடாது, குனிந்து மூக்கைப் பொத்த வேண்டும் என்று படித்த அன்று, எத்தனை பிள்ளைகளை அண்ணாந்து படுக்கவைத்தேனோ என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். அப்பா தேங்காய் துருவும்போது விரலைச் சீவிக்கொண்டு, காயத்தில் வைக்கக் கோப்பித்தூள் போத்தலைத் தேடி வந்தார். அம்மா போத்தலைப் பறித்து வைத்துக்கொண்டார்.

"கோப்பி குடிக்கிறதுக்கு. நீங்கள் கையைக் கழுவிப்போட்டு அமத்திப் பிடியுங்கோ."

"எங்கடை அப்புவின்ரை காலத்திலை இருந்து கோப்பித்தூள்தான்."

"அப்புவுக்குக் கோப்பி காணாமல் போனது உதாலைதான்."

எல்லாவற்றுக்கும் உச்சம் தொடை எலும்பு முறிவு. ஒரு கால் முறிந்தால் மற்றக் காலையே அணையாக வைத்துச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. அதற்கு வளர்ந்த ஆளின் கால் தேவை. வீட்டில் இருந்த ஒரே வளர்ந்த ஆள், இரவு வேலை முடித்து, போர்வையை இழுத்து மூடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா ஐந்து முக்கோணங்களுடன் உள்ளே போனார். அரை மணித்தியாலம் கழித்து ஒரு அலறல்.

"செத்தவைக்குத் தானப்பா காலைச் சேத்துக் கட்டிறது!"

"தொடை முறிஞ்சா அப்பிடித்தான் எண்டு புத்தகத்திலை கிடக்கு."

"புத்தகம் கிடக்கட்டும். நான் இன்னும் அப்பிடிக் கிடக்கேல்லை!"

அப்பா சாதாரணமாகக் கோபிக்கிற மனிதர் அல்ல. அவர் அந்தக் கோடையில் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். பின்வளவில் குடை மாதிரி விரிந்து சுற்றும் உடுப்புக் கொடி ஒன்று இருந்தது. இந்த நாட்டில் வளர்ந்த எல்லாருக்கும் அதைத் தெரியும். உடுப்பு காயப்போட அல்ல, தொங்கிச் சுற்றவே அதைச் செய்தார்கள் என்று எல்லாப் பிள்ளைகளும் நம்புவோம். எங்கள் தயவால் கொடி ஏற்கெனவே ஒரு பக்கம் சரிந்திருந்தது. இனி அதில் தொங்கினால் விடுமுறை முடியும்வரை ரீவி இல்லை என்றார் அப்பா. நான் ஒரு வாரமும் விடாமல் பார்க்கும் சனிக்கிழமை ஐந்து மணித் தொடர்நாடகமும் இல்லை என்று சேர்த்துச் சொன்னார். சட்டம் போடத் தெரிந்த மனிதர்.

சோதனைக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை பின்னேரம், நான் கொடியில் தொங்கினேன். தங்கச்சி தள்ளினாள். நான் மூன்று சுற்று பறந்து, நாலாவது சுற்றில் கை நழுவி, இடது கையை ஊன்றிக் காய்ந்த புல்லில் விழுந்தேன். மணிக்கட்டுக்குள் ஈர்க்கு ஒடிந்த மாதிரி ஒரு சத்தம். சொன்னால் எல்லாரையும் உன்னை அம்மம்மா என்று கூப்பிடவைப்பேன் என்று தங்கச்சியை மிரட்டினேன். அதில் என்ன மிரட்டல் இருந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை, அவளுக்கு விளங்கியது. வாயை மூடிக்கொண்டாள்.

இங்கே என் தரப்பு நியாயத்தைச் சொல்ல வேண்டும். மறுநாள் சோதனைக்கு ஒவ்வொருவரும் ஒரு நோயாளியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அம்மாவின் நோயாளி நான்தான். ஒரு மாதம் ஒத்திகை பார்த்த நோயாளி. சோதனைக்கு முதல் நாள் நோயாளி உண்மையிலேயே நோயாளியானால் சோதனை எங்கே போகும், வேலை எங்கே போகும்? மிச்சக் காலம் முழுக்க உடம்பில்லாத கழுத்துகள்தானே? அதனால்தான் நான் பேசவில்லை.

இரவு அம்மா கடைசி ஒத்திகைக்குக் கூப்பிட்டார். ஒரு முக்கோணத்தை என் மார்பில் விரித்து, இடது கையை மடித்து வைத்துக் கழுத்தில் முடிந்தார். நான் அலறினேன்.

"இப்பிடித்தான்! நாளைக்கும் இப்பிடித்தான் கத்தவேணும். அதுக்காக உவ்வளவு பெருசாவும் வேண்டாம்."

கை கட்டுக்குள் போனதும் நோ பாதி குறைந்தது. அதனால், கழற்ற வேண்டாம், இப்படியே படுக்கிறேன் என்றேன். அம்மாவின் கண் கலங்கிவிட்டது. வேலைக்குப் புறப்பட்ட அப்பாவிடம், "எனக்காகப் பிள்ளை கட்டோடை படுக்குது, பாத்தீங்களோ" என்று சொன்னது கேட்டது. முறிந்த கையை முறிந்தது என்று தெரியாமலே சரியாகக் கட்டிவிட்டு, அதைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டு போய்ப் படுத்தார்.

விடியும்போது மணிக்கட்டு அடுப்பில் உப்பிய பணிஸ் மாதிரி வீங்கியிருந்தது. அம்மா குளிக்கும் நேரம் பார்த்து, கட்டைக் கழற்றி வைத்துவிட்டு எதிர்வீட்டு அங்கிளிடம் ஓடினேன். அவரை நாங்கள் எண்ணெய் அங்கிள் என்போம். ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர். இங்கே பகலில் பிஸ்கட் பொதி செய்வார், ஞாயிறுகளில் தமிழ்க் கிரிக்கெட் அணிக்குச் சுளுக்கு எடுப்பார். வேம்பும் கற்பூரமும் உள்ளியும் போட்டுக் காய்ச்சிய நோவெண்ணெய் ஒரு பழைய சோஸ் போத்தலில் இருக்கும். அந்த மணம் ஒரு வீட்டில் எழுந்தால் அங்கே யாருக்கோ அடி என்று தெருவுக்கே தெரிந்துவிடும். மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் என் கையை ஒரு பார்வை பார்த்தார்.

"சுளுக்கு."

"வடிவாப் பாருங்கோ அங்கிள்."

"பிள்ளை, முப்பது வருஷமாப் பாக்கிறன். சுளுக்கு."

எண்ணெயைத் தடவினார். உருவினார். பிறகு திடீரென்று இழுத்தார். எனக்கு வானத்தில் இரண்டு சூரியன் தெரிந்தது. கைக்குள் 'கிளுக்' என்றது.

"கேட்டதோ? அதுதான் சுளுக்கு வெளிக்கிட்டது."

"எங்கை போச்சுது அங்கிள்?"

"போச்சுது. உனக்கேன் அந்த விசாரணை?"

வீக்கத்தையும் மணத்தையும் மறைக்கக் குளிர்காலப் பள்ளிக்கூட சுவெட்டரைப் போட்டேன். வெளியே காலை ஒன்பது மணிக்கே தார் இளகும் வெயில். பஸ் நிறுத்தத்தில் அம்மா ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன இந்த வெயிலுக்கை சுவெட்டர்?"

"அடிபட்ட ஆளைச் சூடா வைச்சிருக்க வேணும் தானே."

அம்மா பெருமையில் என் தலையைத் தடவினார். நோயாளி புத்தகம் படித்திருக்கிறாள். பஸ்ஸில் கண்ணை மூடி, "அமத்து, உயத்து, பொறு" என்று சொல்லிக்கொண்டு வந்தார். மடியில் இருந்த பையில் முக்கோணங்கள் பத்தும் மடித்தபடி இருந்தன. அன்று அவருக்கு உலகத்தின் எந்த மணமும் ஏறியிருக்காது.

தேவாலயம் ஒன்றின் மண்டபம். மேசை மேல் செய்தித்தாள் விரித்து, வரிசையாகச் சாமான்கள். பெரிய தாதி ஒரு பிஸ்கட் டின்னை நீட்டினார், அதற்குள் சீட்டுகள். அம்மா ஒன்றை எடுத்து விரித்துப் படித்தார். முகம் வெளிறியது. மார்கழியில் வந்த அதே கேள்வி. சுடுதண்ணீர், இடது முன்கை.

பிறகு என்னைத் தண்ணீர்க் குழாயடிக்கு நடத்திக்கொண்டு போனார். சுவெட்டர்க் கையை மெதுவாகச் சுருட்டி மேலேற்றினார். குழாயைத் திறந்தார். "கோல்ட் வோட்டர்" என்றார் தாதியைப் பார்த்து. "ஒன்லி வோட்டர். நோ டூத்பேஸ்ட்." தாதி சிரிக்காமல் ஒரு சரி போட்டார்.

என் கைமேல் விழுந்த தண்ணீர் நனைக்கவில்லை. தாமரை இலையில் விழுந்த மாதிரி மணி மணியாக உருண்டு ஓடியது. அந்த நேரம்தான் மணம் எழுந்தது. வேம்பு, கற்பூரம், உள்ளி.

முறிவின் அடையாளங்கள் என்று புத்தகத்தில் ஆறேழு இருந்தன. நோவெண்ணெய் அவற்றில் இல்லை. ஆனால் அம்மா குழாயை மூடினார். என் வலது கையையும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு விரலால் மணிக்கட்டுக்கு மேலே தொட்டார். நான் கத்தவில்லை. கத்தாமல் கண்ணீர் வந்தது. ஒத்திகையில் இல்லாத கண்ணீர்.

"எப்ப விழுந்தனி?"

"நேற்று."

"நேற்று எப்ப?"

"நீங்கள் கட்ட முதல்."

அம்மா என் கையைத் தன் முன்கை மேல் தாங்கிக்கொண்டு தாதியிடம், இது முறிவு என்றார். தாதி பொறுமையாக, இல்லையம்மா, உன் சீட்டில் இருப்பது எரிகாயம், மறுபடி வாசி என்றார். பேனா தயங்கியது. இரண்டாவது தோல்விக்கு ஒரு கோடு தூரம். இங்கிலிஷில் கடைக்காரனிடம் மிச்சக்காசைக்கூடக் கேட்கத் தயங்கும் அம்மா, அன்று மண்டபமே திரும்பிப் பார்க்கும் குரலில் சொன்னார்:

"பேப்பர் பேர்ன். மை டோட்டர் புரோக்கன்."

பிறகு ஒருவரையும் பார்க்கவில்லை. சோதனையையும் பார்க்கவில்லை. மேசையில் விரித்திருந்த செய்தித்தாளை உருவிச் சுருட்டி அணை வைத்தார். நீலக்கரை முக்கோணம் ஒன்றை எடுத்து அணையைக் கட்டினார், இன்னொன்றால் தூக்குக் கட்டினார். என் விரல் நகத்தை அழுத்தி விட்டு, வெள்ளை மறுபடி சிவப்பாகிறதா என்று பார்த்தார். பெரிய தாதி வந்து என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கார்ச் சாவியைத் தேடினார்.

ஆஸ்பத்திரியில் காத்திருந்த நேரத்தில்தான் அம்மா அழுதார். "ராத்திரி நான்தான் கட்டினனான். கட்டிப்போட்டுச் சிரிச்சனான்" என்று தமிழில் தாதியிடமே சொன்னார். தாதிக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஒரு கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு, பையிலிருந்து சோதனைத் தாளை எடுத்து விரித்தார். எப்படியும் காத்திருக்கத்தானே போகிறோம், மிச்சக் கேள்விகளைக் கேட்கிறேன் என்றார். எங்களுக்கு முன்னால் ஒருவர் மூக்கில் துணியைப் பிடித்து அண்ணாந்துகொண்டிருந்தார். மூக்கால் இரத்தம் வந்தால் என்ன செய்வாய் என்ற ஒன்பதாவது கேள்விக்கு அம்மா வாயால் பதில் சொல்லவில்லை. எழுந்து போய் அந்த மனிதரின் தலையைப் பிடித்து முன்னால் குனியவைத்து, மூக்கைப் பொத்திப் பிடித்தார். "நோட் பேக். ஃப்ரண்ட்." அந்த ஆறடி மனிதர் பாலர் வகுப்புப் பிள்ளை மாதிரிப் பேசாமல் குனிந்திருந்தார். தாதி சரி போட்டார்.

அம்மா அப்படித்தான் சோதனையில் சித்தியடைந்தார். எங்கள் தெருவில் வேறு ஒருவரும் அவசர சிகிச்சைப் பிரிவில் வைத்துச் சான்றிதழ் எடுத்ததில்லை.

டொக்டர் கட்டை அவிழ்க்கும்போது, இதைக் கட்டியது யார், நன்றாக இருக்கிறது என்றார். அவிழ்த்த முக்கோணங்கள் இரண்டையும் யாரோ குப்பைக் கூடையில் போட்டுவிட்டார்கள். அம்மா கேட்க நினைத்தார், கேட்கவில்லை. மிச்சம் எட்டும் காப்பகத்துக்குப் போய், எத்தனையோ முழங்கால்களைச் சுற்றி, ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. இன்று ஒன்றுகூட இல்லை.

ஞாயிறு காலை எண்ணெய் அங்கிள் குற்றவாளி மாதிரித் தலைகுனிந்து வந்தார், கையில் ஒரு பெட்டி உடைந்த பிஸ்கட். அப்பா எக்ஸ்ரே படத்தை அவரிடம் நீட்டினார். அங்கிள் அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"முறிஞ்சுதான் கிடக்கு" என்றார் கடைசியில். "ஆனா பாருங்கோ, சுளுக்கு இல்லை. அதை நான் எடுத்துப்போட்டன்."

அப்பாவே சிரித்துவிட்டார். மாசிமாதம் அம்மா வேலைக்குப் போனார். தையல் மெஷினை ஒரு துணியால் மூடி, மேலே வானொலியை வைத்தார்.

இந்தக் கதை எனக்குள் முப்பது வருடங்களாக ஒரு வீரக்கதையாகவே இருந்து வந்தது. ஆகவே போன மாதம், காற்சட்டை விசாரணை முடிந்ததும், அம்மாவிடம் சற்று நிமிர்ந்தே சொன்னேன்: "ரத்தம் கண்டா மயங்கிறனான் எண்டது சரி. ஆனா நோத் தாங்குவன். மறந்துபோனீங்களோ? உங்கடை சோதனை குழம்பக்கூடாது எண்டு ஒரு ராத்திரி முழுக்க முறிஞ்ச கையோடை வாய் திறக்காமல் கிடந்தனான்."

மறுமுனையில் குழாய் ஓடும் சத்தம் நின்றது.

"என்ரை சோதனைக்காகவோ?" என்றார் அம்மா. "டொக்டர் எலும்பு முறிஞ்சு போச்சுது எண்டு சொல்ல, நீ அவரிட்டைக் கேட்ட முதல் கேள்வி, அஞ்சு மணிக்கு முதல் வீட்டை போயிடலாமோ எண்டு."